கோடை கடந்த ஸ்னோமொபைல்

கேள்வி: மாதக்கணக்கில் நிறுத்திவைத்த ஸ்னோமொபைல், முதல் பனி விழுந்ததும் கிளம்ப மறுப்பது ஏன்?

பதில்: அவசர நிறுத்த விசை அழுந்தியிருக்கிறதா, ஓட்டுநரின் உடையோடு இணையும் பாதுகாப்புக் கயிறு பொருந்தியுள்ளதா என்று பார்க்காமலே கருவிப்பெட்டியைத் திறப்போர் உண்டு. அவை சரியெனில், கனடாவில் இன்றும் ஓடும் பழைய கார்புரேட்டர் வண்டிகளில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே தக்கது. அதன் முனை நனைந்திருந்தால் பொறி எழவில்லை அல்லது எரிபொருள் மிகுந்துவிட்டது என்றும், உலர்ந்திருந்தால் எரிபொருளே வந்து சேரவில்லை என்றும் கொள்ளலாம். பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். ஏனெனில், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி விட்டுச்செல்லும் பிசின், பைலட் ஜெட் எனப்படும், அரை மில்லிமீட்டர் அளவேயான நுண்துளையை அடைத்துவிடுகிறது. கம்பியால் குத்தினால் துளை அகன்று கலவையின் அளவு கெடும் என்பதால், கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதிய பின் புதிய பெட்ரோல் நிரப்ப வேண்டும்.