ஜெப நேரத்தில் நடக்கும் வழக்கு

கேள்வி: ஐயா, நாங்கள் நாகர்கோவில் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. கணவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். மகனுக்கு 28 வயது, சென்னையில் ஐ.டி. வேலை. சின்ன வயதில் வசனப் போட்டியில் பரிசு வாங்கின பிள்ளை, மூன்று வருஷமாக "எனக்கு நம்பிக்கை இல்லை" என்கிறான். கிறிஸ்துமஸுக்கு வந்தவன் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. சபையே திரும்பிப் பார்த்தது. ராத்திரி குடும்ப ஜெபத்தில் சண்டை. "வேளாங்கண்ணிக்கு வந்தவர்களையே சுனாமி கொண்டுபோனதே, அது யார் சித்தம்?" என்று இவன். "பாவத்துக்குத் தண்டனை" என்று அவர். "பைபிளையே நைசியாவில் ராஜா சொல்லித்தான் தொகுத்தார்கள்" என்று மறுபடி இவன். கடைசியில், "ஜெபிக்காதவனுக்கு என் மேஜையில் சோறு கிடையாது" என்று சொல்லிவிட்டார். மறுநாள் விடியுமுன்னே பஸ் ஏறிவிட்டான். அவன் வாயை அடைக்கிற மாதிரி பதில்கள் எழுதித் தருவீர்களா? பெண் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த வீட்டில் இதைச் சொல்ல வேண்டுமா?

— பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வாயை அடைக்கிற பதில் என்னிடம் இல்லை. இருந்தாலும் தர மாட்டேன். ஏற்கெனவே அவன் வாயை அடைத்துத்தான் பஸ் ஏற்றி விட்டிருக்கிறீர்கள்.

சுனாமிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது நல்ல கேள்வி. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியை விடுங்கள். குளச்சலும் கொட்டில்பாடும் உங்கள் ஊருக்கு எட்டாத தூரமா? அங்கே குழி வெட்டிப் புதைத்தவர்களில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். அந்தக் குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று உங்கள் மகன் கேட்டிருந்தால், உங்கள் கணவர் என்ன சொல்லியிருப்பார்?

இதில் உங்கள் கணவர் மகனோடு மட்டும் மோதவில்லை, இயேசுவோடும் மோதுகிறார். லூக்கா 13-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். கேட்டவர்களை மனந்திரும்பச் சொன்னாரே ஒழிய, கோபுரம் ஏன் அந்த 18 பேர்மேல் விழுந்தது என்பதற்கு விளக்கம் தரவில்லை. யோபுவின் கதையும் இதுதான். அவருடைய சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புஸ்தகத்தில் அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். பிறகு வாயைத் திறந்து, 'நீ பாவம் செய்திருப்பாய்' என்று அத்தியாயம் அத்தியாயமாக வாதாடினார்கள். கடைசியில் கடவுளுக்குக் கோபம் வந்தது அந்த சிநேகிதர்கள்மேல்தான். அவரைப் பார்த்துக் கத்திய யோபுவை, சரியாகப் பேசியவன் என்கிறார். ஆகவே, "எனக்குத் தெரியலைப்பா" என்று தகப்பன் சொல்வதால் விசுவாசம் குறைந்துபோகாது.

நைசியா விஷயத்தில் மகன் சொல்வது தப்பு. 325-ல் கூடிய அந்த மாநாட்டைக் கான்ஸ்டன்டைன் பேரரசர் கூட்டியது உண்மைதான். ஆனால் அங்கே நடந்த தகராறு ஆரியஸ் என்ற குருவின் போதனை பற்றியது: குமாரன் பிதாவுக்குச் சமமா, படைக்கப்பட்டவரா என்பது. எந்தப் புஸ்தகம் வேதத்தில் சேரும் என்று அங்கே தீர்மானம் போடவில்லை. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 புஸ்தகங்களும் அப்படியே அடங்கிய பட்டியலாக நமக்குக் கிடைப்பதில் பழையது, அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் 367-ல் எழுதிய கடிதம். அதற்கும் வெகுகாலம் முன்பே நான்கு சுவிசேஷங்களும் சபைகளில் வாசிக்கப்பட்டு வந்தன.

ஆனால் அவன் இதைவிட உறைப்பான கேள்விகளைக் கேட்கலாம். மாற்குவின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய இரண்டு முழுக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லையே, ஏன்? இது இறையியல் கல்லூரிகளில் சாதாரணமாகச் சொல்லித்தரும் பாடம். அங்கே படித்துவிட்டு வரும் ஐயர்மார் பலர் பிரசங்க பீடத்தில் ஏறியதும் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. பிள்ளைகள் அதை யூடியூபில் கேட்டு, இத்தனை வருஷம் நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று கொதிக்கிறார்கள். உங்கள் வீட்டுச் சண்டையில் சபைக்கும் ஒரு பங்கு உண்டு.

திருவிருந்துக்கு வருவோம். சபை திரும்பிப் பார்த்தது உங்களுக்கு வலித்திருக்கும். ஆனால் நம்பிக்கை இல்லாதவன் ஊருக்காகப் போய் முழங்கால் போட்டு வாங்கியிருந்தால் அதுதான் கவலைப்பட வேண்டிய காரியம். தகுதியில்லாமல் அதில் பங்கு பெறாதே என்று பவுல் கொரிந்தியருக்கு எச்சரித்திருக்கிறார். அதை அன்றைக்கு உங்கள் ஆலயத்தில் மதித்தவர்களில் உங்கள் மகனும் ஒருவன்.

ராத்திரி ஜெபத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் கணவர், மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "ஆண்டவரே, இந்த வீட்டிலுள்ள அவிசுவாசத்தின் ஆவியைத் துரத்தும்" என்று சத்தமாக ஜெபிக்கிறவரா? நீங்கள் எழுதவில்லை. இப்படிப்பட்ட ஜெபங்களை நிறைய வீடுகளில் கேட்டிருக்கிறேன், அதனால் கேட்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஒருவனை அடிக்கிற காரியம் அது. அவன் திருப்பிப் பேசவும் முடியாது, ஆமென் சொல்லவும் முடியாது. அடுத்த தடவை வரும்போது, விருப்பமிருந்தால் வந்து உட்காரட்டும், வாசிக்கவோ ஜெபிக்கவோ சொல்ல வேண்டாம், அவனைக் குறித்த ஜெபத்தை நீங்கள் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அவனும் அந்தப் பத்து நிமிஷம் போனை நோண்டாமலும் நக்கலாகச் சிரிக்காமலும் இருக்கட்டும். விவாதம் வேண்டுமென்றால் மறுநாள் காலை காபிக்குப் பிறகு நடக்கட்டும்.

சோற்றை நிறுத்தினதுதான் எனக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது. அகஸ்டின் இளவயதில் மானிகேய மதத்தில் சேர்ந்தபோது, தாய் மோனிக்காவும் இதையே செய்தாள், மகனோடு ஒரே மேஜையில் சாப்பிட மாட்டேன் என்று. பிறகு ஒரு கனவு கண்டு மனம் மாறி அவனை வீட்டில் சேர்த்துக்கொண்டாள். அவளும் உங்களைப் போல ஒரு பிஷப்பிடம் போய், என் மகனோடு பேசி அவன் தப்பை நிரூபியுங்கள் என்று கெஞ்சினாள். அவர் மறுத்துவிட்டார். அவரே சிறுவயதில் மானிகேயர்களிடம் வளர்ந்தவர். இப்போது பேசினால் ஏறாது, படித்துப் படித்து அவனே தெரிந்துகொள்வான், நீ ஜெபம் பண்ணு என்று அனுப்பிவிட்டார். 387-ல் மிலானில் அகஸ்டின் ஞானஸ்நானம் பெற்றார்.

இதைச் சொல்லி, உங்கள் மகனும் திரும்பிவிடுவான் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. 'நான் ஏன் கிறிஸ்தவனல்ல' என்று 1927-ல் உரையாற்றிய பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் மகள் கேத்தரின் கிறிஸ்தவராகிவிட்டார். அப்பாவைப் பற்றி அன்பாக ஒரு புத்தகமும் எழுதினார். ரஸ்ஸல் 1970-ல் சாகும்வரை மாறவில்லை. உங்கள் வீட்டிலும் கடைசிவரை இரண்டு பேரும் அவரவர் பக்கத்திலேயே இருந்துவிடலாம். அப்படியே இருந்தாலும் நடத்தக்கூடிய குடும்பமாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கமிட்டியில் யாராவது குத்திப் பேசினால், இயேசுவின் சொந்தத் தம்பிமாரே முதலில் அவரை நம்பவில்லை என்று யோவான் 7-ஐக் காட்டுங்கள்.

பெண் வீட்டாரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பேச்சு முற்றுவதற்கு முன்பே சொல்லுங்கள். அதுவும் நீங்கள் சொல்ல வேண்டாம், அவனே அந்தப் பெண்ணிடம் நேரில் சொல்லட்டும். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று மறைத்து, ஆலயத்தில் அவனை உடன்படிக்கை சொல்ல வைத்தால், இன்று உங்கள் வீட்டில் நடக்கும் சண்டையை அந்தப் பெண் ஆயுசுக்கும் நடத்த வேண்டியிருக்கும். அவளுக்கு அதில் சம்மதமா என்று அவளைத்தான் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் இன்றைக்கே மகனுக்குப் போன் போடுங்கள். வேதத்தைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம். ஈஸ்டருக்கு வருகிறாயா, டிக்கெட் போட்டுவிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். முடிந்தால் அந்தப் போனை உங்கள் கணவரே பேசட்டும்.