ஒரு சாலை, இரு பேருந்துகள்

நுழையும்முன்

ஊர் வளரும்போது தொழிற்கூடங்கள் முதலில் வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து வீடுகளும் விடுதிகளும் பெருகுகின்றன. அவ்விரண்டையும் இணைக்கவேண்டிய பேருந்து பெரும்பாலும் கடைசியில்தான் வந்து சேர்கிறது. அது ஏன் தாமதமாகிறது என்பதைச் சென்னையின் மேற்கே உள்ள தொழில் வட்டாரம் ஒன்றைக்கொண்டு ஆராய்கிறது இக்கட்டுரை.

இருள் பிரியாத காலை ஐந்து மணி. சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையை நோக்கி வரிசையாகப் பேருந்துகள் வருகின்றன. முகப்புக் கண்ணாடிகளில் காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர், தாம்பரம் என ஊர்ப்பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. உள்ளே சீருடை அணிந்த இளைஞர்கள் விட்ட உறக்கத்தைத் தொடர்கிறார்கள். சாலையோரத்தில் இன்னும் சிலர் கையைக் காட்டியபடி நிற்கின்றனர். ஒரு வண்டியும் நிற்கவில்லை. நிற்பவர்கள் செல்லவேண்டிய இடமும் அதே தொழிற்பேட்டைதான்.

ஊரும் தொழிலும்

‘இரு’ என்னும் சொல்லுக்குப் பெரிய என்றும் கரிய என்றும் பொருளுண்டு. பெருங்காடு சூழ்ந்த ஊர் என்பதை இப்பெயர் உணர்த்துவதாகக் கொள்ளலாம். இன்று அங்குக் காட்டைத் தேடவேண்டும். 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பூங்காவை அமைத்தது. 1998இல் ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் மகிழுந்து இவ்வூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. பிறகு வளர்ச்சி மேற்கிலும் தெற்கிலும் பரவியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ – நிசான் கூட்டுத் தொழிற்சாலையும், 2012இல் பாரத்பென்ஸ் சரக்குந்துகளை உருவாக்கும் டைம்லர் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. சுங்குவார்சத்திரம் பக்கம் கைப்பேசி உற்பத்தி பெருகியது.

இத்துணைத் தொழில் குவிந்த ஸ்ரீபெரும்புதூருக்கு இரயில் பாதை இல்லை. வடக்கே திருவள்ளூர் வழியாகச் செல்லும் பாதை ஒன்று. கிழக்கே சிங்கப்பெருமாள்கோவில் வழியாகச் செல்வது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே சாலைகளை மட்டுமே நம்பி இவ்வட்டாரம் இயங்குகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கு உருவாகும் மகிழுந்துகள் வாலாஜாபாத் இரயில் நிலையத்தில் ஏற்றப்பட்டு வட இந்தியாவரை தொடர்வண்டியில் செல்கின்றன. அவற்றை உருவாக்கிய கைகளோ பேருந்துக்காகக் காத்து நிற்கின்றன.

நிற்காத பேருந்து

நிறுவனப் பேருந்துகள் ஏன் நிற்பதில்லை? ஓட்டுநரின் கல்மனம் அதற்குக் காரணமன்று. மோட்டார் வாகனச் சட்டம், 1988 இருவகை ஊர்திகளைப் பிரித்துக் காட்டுகிறது. வழிநெடுக நிறுத்தி, ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து ஏற்றிச்செல்வது ஒருவகை. முழு வண்டியையும் ஒருவரே ஒப்பந்தத்தின்பேரில் அமர்த்திக்கொள்வது மற்றொரு வகை. ஒப்பந்த ஊர்தி வழியில் வேறு பயணிகளை ஏற்றவோ இறக்கவோ கூடாது. ஆகவே, பணிமுறை மாறும் வேளையில் ஒரே சாலையில் பல நிறுவனங்களின் வண்டிகள் ஓடினாலும், அவற்றில் காலியான இருக்கைகள் இருந்தாலும், அடுத்த தொழிற்சாலையில் பணிபுரிபவர் அவற்றில் அமர இயலாது.

பெரிய நிறுவனங்கள் தம் பணியாளர்களுக்கு ஊர்தி அமர்த்த வல்லவை. அவற்றிற்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு பட்டறைகளுக்கு அவ்வசதி எளிதன்று. உணவகத்தில் சமைப்பவர், தூய்மைப் பணியாளர், காவலாளி, விடுதிகளில் பணிபுரிவோர் எனத் தொழிற்பேட்டையைத் தாங்கி நிற்கும் பலருக்கும் அரசுப் பேருந்தே துணை. அது கிடைக்காதபோது பங்குத் தானியில் நெருக்கியடித்துச் செல்கிறார்கள். அல்லது தவணையில் இருசக்கர வண்டி வாங்குகிறார்கள். இரவு பத்து மணிக்குப் பணி முடித்து, கனரகச் சரக்குந்துகளுக்கு நடுவே அவ்வண்டியில் வீடு திரும்பும் இளைஞரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இரு கழகங்கள்

அரசுப் பேருந்தை நீட்டித்தால் போதாதா எனக் கேட்கலாம். இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. சென்னை மாநகரப் பேருந்துகளுக்காகப் பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972இல் தொடங்கப்பட்டது. அதன் வழிவந்ததே இன்றைய மாநகர் போக்குவரத்துக் கழகம். காஞ்சிபுரம் வட்டாரப் பேருந்துகளை இயக்குவது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம். இருங்காட்டுக்கோட்டை வழியே இரு கழகங்களின் வண்டிகளும் செல்கின்றன. இரண்டும் அரசுடைமையே எனினும் பணிமனைகள், கணக்குகள், கால அட்டவணைகள் ஆகியன தனித்தனி. ஒன்றின் மாதப் பயண அட்டை மற்றொன்றில் செல்லாது.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். ஸ்ரீபெரும்புதூரில் பூந்தமல்லி செல்லக் காத்திருக்கும் பெண்ணொருவரை நினைத்துக்கொள்வோம். மாநகரின் சாதாரணப் பேருந்து வந்தால் அவர் கட்டணமின்றிச் செல்வார். அதற்குமுன் காஞ்சிபுரத்திலிருந்து வரும் புறநகர்ப் பேருந்தில் ஏறினால் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கவேண்டும். சாலை ஒன்று, சேருமிடம் ஒன்று, இரு வண்டிகளுக்கும் உரிமையாளரான அரசும் ஒன்று. அப்படியிருக்க, கைப்பணத்தைக் காப்பதா, காலத்தைக் காப்பதா என்று அவர் நாள்தோறும் தேர்ந்தெடுக்கவேண்டியுள்ளது. நகரம், புறநகர் என்ற இப்பிரிவு, பூந்தமல்லிக்கு அப்பால் வயல்கள் இருந்த காலத்தில் பொருளுடையதாக இருந்தது.

கழகங்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. தொழிற்பேட்டைக்குக் கூட்டம் நாள் முழுவதும் சீராக வருவதில்லை. பணிமுறை மாறும் சில வேளைகளில் வெள்ளமாய் வந்து வடிந்துவிடுகிறது. அவ்வேளைக்காக அனுப்பப்படும் வண்டி, ஒரு திசையில் நிரம்பி வழிந்து, மறுதிசையில் வெறுமையாய்த் திரும்பும். அவ்வெற்றோட்டத்திற்கும் டீசல் செலவாகும். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் ஊதியம் தரவேண்டும். அடுத்த கழகத்தின் எல்லைக்குள் சென்று அத்தகைய இழப்பை ஏற்க எந்த மேலாளரும் தயங்குவார். இழப்பை யார் ஏற்பது, வருவாயை எவ்வாறு பகிர்வது என முன்கூட்டியே முடிவுசெய்யாத இடத்தில் நல்லெண்ணம் நெடுந்தூரம் செல்லாது.

தெரிந்து தெளிவோம்

வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட மாபெரும் குடியிருப்பு வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கும் வகையில் இது அமைந்துள்ளது. தொழிலாளரைத் தொலைவிலிருந்து அழைத்து வருவதற்கு மாற்றாக, பணியிடத்திற்கு அருகிலேயே குடியமர்த்தும் முயற்சி இது. எனினும் விடுமுறை நாளில் சொந்த ஊருக்கும் கடைத்தெருவுக்கும் செல்ல அவர்களுக்கும் பேருந்து வேண்டும்.

கூடிச் செய்தல்

இத்தகைய முடிச்சை அவிழ்த்த நகரங்கள் உள்ளன. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1965இல் பல போக்குவரத்து நிறுவனங்கள் கூடி ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. நிறுவனங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை. அவரவர் வண்டியை அவரவரே இயக்கினர். சீட்டும் கட்டணமும் கால அட்டவணையும் பொதுவாயின. திரண்ட வருவாயை ஒப்புக்கொண்ட விதிப்படி பகிர்ந்துகொண்டனர். இன்று அங்கு ஒரே சீட்டில் இரயிலிலும் பேருந்திலும் படகிலும் செல்லலாம்.

தமிழ்நாட்டிலும் இதற்கான அடித்தளம் உண்டு. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்திற்கான சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. முதலமைச்சர் தலைமையில் அக்குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள்! ஒரகடத்தில் தொழிற்சாலைகள் முளைத்துத் தழைத்த ஆண்டுகளும் அவையே. 2022 அக்டோபரில் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பரப்பு 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் பகுதிகளும் அரக்கோணமும் இப்பரப்பில் அடங்கும். 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்று’ செயலி அறிமுகமானது. மாநகரப் பேருந்து, புறநகர் இரயில், மெட்ரோ இரயில் ஆகியவற்றிற்கு அதன்வழியே சீட்டுப் பெறலாம்.

குழுமத்திற்கென்று சொந்தமாக ஒரு பேருந்தும் இல்லை என்பது இங்குக் கருதத்தக்கது. அது திட்டமிடும், இணைக்கும், இணங்கவைக்கும். வண்டியை இயக்கவேண்டியவை கழகங்களே. எனவே, வரைபடத்தில் எல்லைக்கோடு விரிந்ததனால் இருங்காட்டுக்கோட்டை நிறுத்தத்திற்குத் தானாக ஒரு வண்டி வந்துவிடாது. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர்வரை மெட்ரோ பாதையை நீட்டிக்கும் திட்டமும் உள்ளது. அப்பாதை அமைந்தாலும், நிலையத்தில் இறங்கியவரைத் தொழிற்சாலை வாயில்வரை கொண்டுசேர்க்க இணைப்புப் பேருந்து வேண்டியிருக்கும்.

பெருஞ்செலவின்றித் தொடங்கத்தக்க செயல்களும் இருக்கின்றன. பணிமுறை நேரங்களைச் சிப்காட் நிர்வாகத்திடம் கேட்டறிந்து, அவற்றிற்கேற்ப இரு கழகங்களும் கூட்டாகக் கால அட்டவணை வகுக்கலாம். பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே மட்டுமேனும் எந்தக் கழகத்தின் வண்டியிலும் செல்லும் பயண அட்டையைச் சோதனையாக வழங்கலாம். சிறு நிறுவனங்கள் சில சேர்ந்து, ஒரு பேருந்தின் செலவைப் பகிர்ந்து ஏற்கலாம். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடம் கூட்டுச்சாலையில், எந்த வண்டி எப்போது வரும் என்று அறிவிக்கும் பலகை ஒன்றையேனும் நிறுத்தலாம். இரவுப் பணி முடித்து வருபவர் அடுத்த பேருந்து பத்து நிமிடத்தில் வருமா, இனி விடியலில்தான் வருமா என்பதை அறிந்துகொண்டால், நிற்பதா நடப்பதா என்றாவது முடிவுசெய்வார்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் காலை ஒரு மணிநேரம் நின்று, வந்த பேருந்துகள் எந்தெந்தக் கழகத்தைச் சார்ந்தவை, எத்தனை பேர் ஏற இயலாமல் நின்றனர் என்பதைக் குறித்துக்கொள்க. அக்குறிப்புகளைக் கொண்டு கிளை மேலாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.