பழைய கியர் சைக்கிளைத் திருத்துவோம்



1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களில் எத்தனையோ பேர் தம் குடும்பத்தின் மிச்சத்தைச் சைக்கிளில்தான் ஏற்றி வந்தார்கள். ஆனால் அது தட்டையான பூமி, கியர் தேவைப்படவில்லை. ஹந்தானைச் சரிவில் கதை வேறு. கண்டி நகரிலிருந்து தேயிலை அருங்காட்சியகம் வரை மரக்கறி மூட்டையோடு ஏறியவருக்கே கியரின் பெறுமதி தெரியும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது பலர் பழைய 'மவுண்டன் பைக்' வாங்கினார்கள். பெரும்பாலும் 21 கியர்: முன்னால் 3 பற்சில்லு, பின்னால் 7. அவை இப்போது தேய்ந்து நிற்கின்றன. 2025 நவம்பரில் வந்த டித்வா புயலின் மண்சரிவுகள் நம் வீதிகளில் இறக்கிய மணலும் செயினுக்கு நல்லதல்ல.

எனக்குத் தெரிந்த ஒரு தகப்பனின் சைக்கிளில் கியர் சரியாக விழவில்லை. ஒரு திருத்தகத்தில் செயினை இடம் மாற்றும் 'டெரெய்லர்' முழுவதையும் மாற்றினார்கள். பல நாள் கூலி போயிற்று, கோளாறு போகவில்லை. நான் பார்த்தபோது கியர் கம்பிக்கு பிரேக் கம்பியின் உறை போடப்பட்டிருந்தது! ஆகையால் விலை குறைந்ததை முதலில் சோதியுங்கள். டெரெய்லர் கடைசியில் பார்க்க வேண்டியது.

முதலில் கைப்பிடியிலுள்ள மாற்றி. 'டிக் டிக்' என்று பிடிக்கவில்லையென்றால் அது தேய்ந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். பல தடவை உள்ளே கிரீஸ் இறுகியிருக்கும். மெல்லிய எண்ணெய் விட்டு இருபது முப்பது தடவை மாற்றினால் உயிர் வரும். அப்படியும் வராவிட்டால்தான் புதிது. பின்னால் 7 பற்சில்லுக்கு 7 படியுள்ள மாற்றியே வேண்டும். கிடைக்காவிட்டால், படியில்லாத பழைய வகை நெம்புகோல் எத்தனை பற்சில்லுக்கும் பொருந்தும். காதால் கேட்டு இடம் பிடிக்கப் பழகவேண்டும், அவ்வளவே.

அடுத்தது கம்பியும் உறையும். கியர் கம்பி 1.2 மில்லிமீற்றர், பிரேக் கம்பி அதிலும் தடிப்பு. உறையை வெட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பிரேக் உறைக்குள் கம்பி சுருளாக ஓடும். கியர் உறைக்குள் இழைகள் நீளவாக்கில் ஓடும். சுருள் இழுக்கும்போது சற்றுச் சுருங்கும். அந்தச் சிறு அளவே கியரைத் தவறவிடப் போதும். மறுபுறம், கியர் உறையை பிரேக்குக்கு ஒருபோதும் போடாதீர்கள். பலமாகப் பிடிக்கும்போது அது பிளந்துவிடலாம். ஹந்தானை இறக்கத்தில் பாரத்தோடு பிரேக் விட்டுப்போனால் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனிச் செயின். பிள்ளைகளின் அடிமட்டம் போதும். ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். புதிய செயினில் 12 அங்குலக் கோடு இன்னோர் ஆணியின் நடுவில் சரியாக விழும். அந்த ஆணி கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம் போயிருந்தால் பின் பற்சில்லுத் தொகுதியையும் சேர்த்தே மாற்றவேண்டும். நீண்ட செயின் பற்களைக் கொக்கிபோல் அரித்துவிடும். அவற்றில் புதுச் செயின் ஏறாமல், நீங்கள் அழுத்தி மிதிக்கும் நேரம் பார்த்து வழுக்கும். பழைய செயினை நீட்டி அளந்து புதியதை வெட்டாதீர்கள், கண்ணிகளை எண்ணுங்கள். ஒற்றைக் கியர் சைக்கிளின் செயின் அகலமானது, இதற்கு உதவாது.

இந்தப் பழைய வண்டிகள் பலவற்றில் பின் தொகுதி மரையில் திருகப்பட்ட 'ஃப்ரீவீல்'. மிதிக்க மிதிக்க அது இறுகும். ஆகவே கழற்றும் சாவியைக் கடையில் இரவல் கேளுங்கள். சாவியைப் 'வைஸ்' பிடியில் இறுக்கிப் பிடித்து, சில்லையே இடப்பக்கமாகத் திருப்புவது இலகு. புதியதைப் பூட்டுமுன் மரையில் கிரீஸ் பூசி, கையால் திருகுங்கள். கை போகாத இடத்தில் சாவியைப் போட்டால் மரை நாசமாகும்.

வண்டி விழுந்திருந்தால் பின்னால் நின்று பாருங்கள். டெரெய்லரின் இரு சிறு சில்லுகளும் பற்சில்லுக்கு நேர்கீழே ஒரே கோட்டில் நிற்கவேண்டும். சாய்ந்திருந்தால் அதைத் தாங்கும் காது வளைந்திருக்கிறது. உருக்குச் சட்டமானால் மெதுவாக நிமிர்த்தலாம். அலுமினியமானால் ஒரு தடவைக்கு மேல் நிமிர்த்தாதீர்கள், முறிந்துவிடும்.

கடைசியாகச் சரிபார்த்தல். டெரெய்லரில் 'எச்', 'எல்' என்று இரு திருகாணிகள் உண்டு. 'எச்' செயினைச் சிறிய பற்சில்லுக்கு வெளியே போகவிடாது. 'எல்' பெரிய பற்சில்லைத் தாண்டி ஆரக்கம்பிகளுக்குள் விழவிடாது. 'எல்'லைச் சரியாக வைக்காமல் மேட்டில் ஏறவேண்டாம். பிறகு உறை டெரெய்லருக்குள் நுழையுமிடத்திலுள்ள சிறு உருளை: பெரிய பற்சில்லுக்கு ஏறத் தயங்கினால், பின்னாலிருந்து பார்த்து இடப்பக்கமாக அரைச் சுற்று, சிறியதற்கு இறங்கத் தயங்கினால் வலப்பக்கம். புதுக் கம்பி ஒரு வாரத்தில் சற்று இளகும். அப்போது இன்னும் அரைச் சுற்று இடப்பக்கம் திருப்பினால் போதும். கடைக்குப் போகத் தேவையில்லை.