சரக்கு அறிவோம்: புளி

புளியமரம் அவரை இனத்தைச் சேர்ந்தது என்றால் பலர் நம்புவதில்லை. காயைப் பார்த்தால் விளங்கும்.

மாசி, பங்குனியில் புதுப்புளி இறங்குகிறது. கொட்டையோடு வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம், கழிவைப் பார்ப்பதில்லை. மாதிரிக்கு ஒரு கிலோ எடுத்து, கொட்டையும் நாரும் நீக்கி நிறுத்துப் பார்க்க வேண்டும். 400 கிராம் கழிந்தால், கிலோ 60 ரூபாய்ப் புளி நமக்கு 100 ரூபாயில் அடங்குகிறது. கூலி தனி. கொட்டைக்கும் விலை உண்டு. அதன் மாவு நெசவு ஆலைகளில் பாவுக்குக் கஞ்சி போட உதவுகிறது.

கடலூர், சிதம்பரம் கடைகளுக்கு உண்மையான சோதனை ஐப்பசி, கார்த்திகை மழைதான். ஈரக்காற்றில் புளி கசிந்து கறுத்துவிடும். உப்புக் கலந்த சரக்கு இன்னும் விரைவில் ஈரம் இழுக்கும். (கறுத்த பழம்புளியையே தேடி வாங்கும் பாட்டிமாரும் உண்டு, அவர்களை நம்பி மூட்டை அடுக்க முடியாது.) ஆகவே சித்திரை வெயிலிலேயே நன்கு உலர்த்தி, காற்றுப் புகாமல் கட்டி, பலகை மேல் அடுக்க வேண்டும். தகர டின் ஆகாது, புளிப்பு அரித்துவிடும். குளிர்பதனக் கிடங்கில் நிறம் நிற்கும், ஆனால் வாடகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிறுகடைக்காரர் மழைக்கு முன் இருப்பைக் குறைத்துக்கொள்வதே மேல் என்பது நம் கருத்து.

உலர்புளிக்கு 2019 அக்டோபர் 1 முதல் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு.

நிலமுள்ள வணிகர்கள் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ஒட்டுக்கன்றை நடலாம். 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம். விதைக்கன்று காய்க்க ஏறக்குறைய பத்தாண்டு ஆகும். ஒட்டு நான்காம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். பண்ருட்டிச் செம்மண் ஏற்றது. நீர் தேங்கும் சிதம்பரம் நஞ்சையில் வைக்க வேண்டாம்.