உடற்பருமனும் ஒற்றைத் தலைவலியும்

தலையின் ஒரு பக்கம் பிளப்பதுபோல் இடிக்கிறது; வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது; குமட்டுகிறது. இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடியும் கல்லாவில் அமர்ந்துவிடுகிறோம். அரபு வைத்தியர்கள் இந்த உபாதையை ‘ஷகீகா’ என்றனர். பிளத்தல் என்ற பொருளில் பிறந்த சொல் அது. நபி (ஸல்) அவர்கள் இஹ்ராமில் இருக்கையில் இந்நோவுக்காகத் தலையில் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்ட செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஆகவே, தலைவலி என்று ஒதுங்கும் கடைப் பையனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன் முதலாளிமார் சற்று யோசிக்க வேண்டும்.

இந்நோய்க்கும் உடற்பருமனுக்கும் என்ன சம்பந்தம்? பருத்தவர் எல்லாருக்கும் இது வருவதில்லை, மெலிந்தவரையும் விடுவதில்லை. குடும்ப வழியாக வருவது அதிகம். பருமன் செய்யும் பெரிய கேடு, இருக்கிற வலியை அடிக்கடி வரவழைப்பதே. 2006ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், இவ்வலி உள்ளவர்களில் மாதம் 10 முதல் 15 நாள் அவதிப்பட்டோர் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். சரியான எடையுள்ளவரில் 100க்கு ஏறக்குறைய 4 பேர். பருத்தவரில் 14 பேர். மிகப் பருத்தவரில் 21 பேர். மாதத்தில் 10 நாள் வியாபாரம் படுத்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொழுப்பு, கிடங்கில் தூங்கும் சரக்கு அன்று. அழற்சியை மூட்டும் பொருள்களை அது இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அவை தலை நரம்புகளைத் தொட்டால் சிணுங்கும் நிலையில் வைக்கின்றன என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். அன்றியும், பருத்தவர் பலருக்குக் குறட்டையோடு மூச்சும் தடைப்பட்டுத் தூக்கம் கெடுவதால் விடிந்ததும் தலை கனக்கும்.

2023ஆம் ஆண்டு சுகாதார அமைச்சின் கணக்கில், மலேசியாவில் பெரியவர்களில் 54.4 சதவீதத்தினர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். நம் கோலா கெத்தில் வட்டாரத்தில் பால் வெட்டுகிறவர் விடியலிலேயே மரம் மரமாய் நடக்கிறார். கடைக்காரராகிய நாம் நிற்போம், உட்காருவோம், நடப்பதில்லை. பசியாற இரண்டு ரொட்டி சானாய், அதுவே சுமார் 600 கலோரி. வந்தவர் போனவரோடெல்லாம் டின் பால் ஊற்றிய தே தாரிக். மதியம் கூட்டத்தில் சாப்பாடு தப்பிவிடும். கடை சாத்தியபின் இரவு 10 மணிக்கு நாசி கண்டார். தலைவலியை அழைக்க இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை! வேளை தப்பிய பசியே வலியைக் கிளப்பும். ஆகையால் எடை குறைக்கப் பட்டினி கிடப்பதும் கூடாது. சீனியில்லாத தேத்தண்ணீர், வேளைக்குச் சாப்பாடு, சுபுஹுக்குப் பின் அரை மணி நடை என்று தொடங்கலாம். ஆணுக்கு இடுப்பளவு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நலம். எடை குறைந்தவர்களுக்கு வலி நாட்களும் குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு.

மாத்திரை விஷயம் முக்கியம். சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாள் அல்லது அதற்கு மேல் மூன்று மாதங்களுக்கு மேலாக விழுங்கி வந்தால், அம்மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். வலி வராமல் தடுக்க டாக்டர் தரும் மருந்துகளிலும் சில பசியை மூட்டி எடையை ஏற்றும், சில குறைக்கும். எடையைப் பற்றிச் சொல்லியே மருந்து கேட்க வேண்டும்.

ரமலானின் முதல் நோன்புகளில் தலை வலிப்பதற்கு, காப்பியும் தேத்தண்ணீரும் திடீரென நிற்பது ஒரு காரணம். ஷஅபானிலேயே கோப்பை கோப்பையாகக் குறைத்து வந்து, ஸஹரையும் தண்ணீரையும் விடாதிருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

திடீரென இடி விழுந்ததுபோன்ற தலைவலி, கை கால் மரத்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றை ஒற்றைத் தலைவலி என்று எண்ணிக் கடையில் உட்கார்ந்திருக்கலாகாது. பருத்த இளம்பெண்களுக்குத் தலைவலியோடு பார்வை மங்கினால், மூளையைச் சூழ்ந்த நீரின் அழுத்தம் ஏறியிருக்கக்கூடும். கவனியாவிட்டால் கண் போய்விடும். அன்றைக்கே பாலிங் அல்லது சுங்கைப்பட்டாணி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.