குறுங்கெளுத்திக்கு ஏற்ற இயற்கைச் சூழல் தொட்டி

பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதற்காகப் பல வீடுகளில் மீன் தொட்டி வாங்கப்படுகிறது. வாங்கிய அன்றே நீர் நிரப்பி, வண்ணக் கற்களைப் பரப்பி, மறுநாள் மீன்களை விட்டுவிடுவதும் வழக்கமாகிவிட்டது. ‘அடியிலுள்ள அழுக்கைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும்’ என்ற கடைப்பேச்சை நம்பி இரண்டு சிறு கெளுத்திகளும் சேர்க்கப்படுகின்றன. சில கிழமைகளில் அவை இறந்துவிடுவதும் உண்டு. இம்மீன்கள் கழிவைத் தின்று வாழ்பவை அல்ல. அழுக்கான அடித்தளமே அவற்றை நோய்ப்படுத்துகிறது.

இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் முதுகெலும்புள்ள வளர்ப்புப் பிராணிகள் அனைத்துக்கும் பொருந்தும். மீனும் அவற்றுள் அடங்கும். பொருத்தமான சூழல், பொருத்தமான உணவு, இயல்பான நடத்தைக்கு இடம், தன்னினத்தோடு சேர்ந்தோ தனித்தோ வாழும் தேவைக்கு மதிப்பு, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகிய ஐந்தையும் வழங்க, வளர்ப்பவர் நியாயமான நடவடிக்கை எடுத்தல் வேண்டும். 16 வயதுக்குட்பட்டவருக்குப் பிராணியை விற்பது குற்றம். அவ்வயதினர் வளர்க்கும் பிராணிக்கு, அவரைப் பராமரிக்கும் பெரியவரே சட்டப்படி பொறுப்பாளி. ‘அது பிள்ளையின் மீன்’ என்னும் சமாதானத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

இலண்டன் வீடொன்றின் சிறு இடத்துக்கு ஏற்ற கெளுத்தி எதுவென்றால், கொரிடோராஸ் பிக்மேயஸ் எனப்படும் குறுங்கெளுத்தியைச் சொல்லலாம். 1966இல் அறிவியல் முறையில் விவரிக்கப்பட்ட இம்மீன் பிரேசிலின் மதேரா நதிப் படுகையைச் சேர்ந்தது. முழு வளர்ச்சியடைந்த பெண்மீன்கூட ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர் நீளமே இருக்கும். ஆண் அதிலும் சிறியது. வெள்ளி நிற உடலில் மூக்கு முதல் வால் வரை ஒரு கரிய கோடு ஓடும். கொரிடோராஸ் இனங்களிற் பெரும்பாலானவை அடித்தளத்தை விட்டு அதிகம் எழாதவை. இதுவோ நீரின் நடுப்பகுதியில் கூட்டமாக மிதந்து நின்று, பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக இலைகளில் இறங்கி அமரும். அந்த நடத்தையைக் காண்பதற்காகவே இதை வளர்க்கலாம். இரண்டு மீன்கள் மட்டும் இருந்தால் அதைக் காணமுடியாது. அவை ஒளிந்தே கிடக்கும். பத்து மீன்களாயினும் வேண்டும்.

மதேரா என்னும் போர்த்துக்கேயச் சொல்லுக்கு மரம் என்பது பொருள். அந்நதி அடித்துவரும் மரங்களே அப்பெயருக்குக் காரணம். தொட்டியை அமைக்கும்போதும் மரத்தையே முதலில் நினைக்கலாம். 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் உயரமும் கொண்ட தொட்டி 54 லீற்றர் கொள்ளும். நீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 60 கிலோவுக்கு மேல் நிறுக்குமாதலால் உறுதியான மேசை தேவை. வாடகை வீட்டில் இருப்போர் ஒப்பந்தத்தையும் ஒருமுறை வாசித்துக்கொள்வது நன்று. அடியில் மென்மையான நுண்மணலை மூன்று சென்ரிமீற்றர் அளவுக்குப் பரப்ப வேண்டும். கெளுத்தி தன் மீசைகளால் மணலைத் துழாவி இரை தேடும். கூரிய கற்களும் அழுகிய கழிவும் அம்மீசைகளைத் தேய்த்து அரித்துவிடும். மணல்மேல் ஊறவைத்த மரவேர் ஒன்றிரண்டையும், அவற்றைச் சுற்றி உலர்ந்த இலைச் சருகையும் இடவேண்டும். இலையுதிர் காலத்தில் தானாக விழுந்து காய்ந்த ஓக் இலை போதும். பூச்சிமருந்து தெளிக்காத, வீதிப் புகை படாத தோட்டத்து இலையாக இருக்கட்டும். மீன் கடைகளில் சிறு பொதியாக விற்கப்படுவது நம்மூர் நாட்டு வாதுமை இலைதான். ஊரில் முற்றத்தில் கூட்டித் தள்ளிய சருகை இங்கே காசு கொடுத்து வாங்குவது சிலருக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். இலைகள் நீரை வெறுந்தேநீர் நிறமாக்கும். அது அழுக்கன்று. அந்த மங்கிய ஒளியில்தான் மீன்கள் அச்சமின்றி வெளிவரும்.

அடுத்தது நீர். பெரும்பாலானோர் தவறுவது இதில்தான். குழாய்நீரில் கிருமி நீக்கத்துக்காகக் குளோரீனோ குளோரமைனோ சேர்க்கப்படுகிறது. குளோரீன் வாளியில் ஓரிரு நாள் வைத்தால் போய்விடும். குளோரமைன் அவ்வாறு எளிதில் நீங்காது. ஆகவே கடையில் கிடைக்கும் நீர்ச் சீராக்கியை ஒவ்வொரு முறையும் கலக்க வேண்டும். இலண்டன் நீர் கடினநீர் என்பதைக் கேத்தலில் படியும் வெண்சுண்ணமே காட்டும். இக்கெளுத்திக்கு மென்மையான, சற்றே அமிலத் தன்மையுள்ள நீரே இயல்பானது. பல மீன் கடைகள் விற்கும் வடித்த மென்னீரைக் குழாய்நீருடன் பாதிக்குப் பாதி கலந்தால் நிலைமை சீராகும். வெப்பநிலை 23 முதல் 26 பாகை செல்சியஸ் வரை போதுமானது.

மீன் வெளியேற்றும் அமோனியா நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனை ஓரளவு தீங்கற்ற நைத்திரேற்றாக மாற்றும். இப்பற்றீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு கிழமைகள் ஆகும். அதுவரை மீன் விடாமல், துளித்துளியாக அமோனியா சேர்த்து, சோதனைப் பெட்டியால் அளந்துவர வேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமான பின்னரே மீன் வாங்கலாம். பிள்ளைகளுக்கு இந்தக் காத்திருப்பு கடினம்; ஆனால் அளவுகளைக் குறித்துவைக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்தால் அது ஒரு நல்ல விஞ்ஞான பாடமாகும். பின்னர் கிழமைக்கொருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றவேண்டும். பஞ்சைக் குழாய்நீரில் கழுவினால் பற்றீரியாக்கள் இறந்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்தெடுக்க வேண்டும். நீரில் கைவைக்குமுன் மின்னிணைப்பைத் துண்டிப்பது கட்டாயம்.

கெளுத்திகள் திடீரென மேற்பரப்புக்கு விரைந்து ஒரு மிடறு காற்றை விழுங்கித் திரும்பும். குடலின் வழியே காற்றைச் சுவாசிக்கும் வல்லமை இவற்றுக்கு உண்டு. ஆதலால் மூடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே சற்று இடைவெளி விடவேண்டும். எப்போதாவது இது நிகழ்ந்தால் இயல்பு. எல்லா மீன்களும் இடைவிடாது மேலேறினால் நீரை உடனே சோதிக்க வேண்டும். வாய் மிகச் சிறியதாகையால் நுண்ணிய அமிழும் உணவும், உறைய வைத்த சிறு நீர்ப்பூச்சி வகைகளும் ஏற்றவை. பெரிய மீன்களுடன் சேர்ப்பது இரு தரப்புக்கும் கேடு: விழுங்கப்படும் கெளுத்தியின் முட்கள் விழுங்கிய மீனின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

வீடு மாறும்போதோ ஆர்வம் குறையும்போதோ மீனைப் பூங்காக் குளத்திலோ கால்வாயிலோ விடுவது இரக்கச் செயலாகத் தோன்றலாம். 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி அது குற்றம். வெப்பமண்டல மீன் இந்நாட்டுக் குளிர்காலத்தில் இறந்துபோகும். அது கொண்டுவந்த நோய் குளத்திலேயே தங்கிவிடும். வாங்கிய கடை திரும்ப ஏற்குமா என்பதை வாங்கும்போதே கேட்டுவைக்கலாம். தொட்டிச் செடிகளையும் நீர்நிலைகளில் எறியக்கூடாது. அவ்வாறு பரவி நீர்நிலைகளை மூடிவிட்டமையால் மிதக்கும் வல்லாரை இனமொன்று உட்பட ஐந்து நீர்த்தாவரங்களின் விற்பனை இங்கிலாந்தில் 2014 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. மாற்றியெடுத்த பழைய நீரை மழைநீர் வடிகாலில் ஊற்றாமல் வீட்டுச் செடிகளுக்கு ஊற்றலாம். அதிலுள்ள நைத்திரேற்று அவற்றுக்கு உரம்.