இளம் கால்பந்து வீரரும் முகவரும்

கேள்வி: கிளப் அகாடமியில் ஆடும் மகனைச் சில முகவர்கள் அணுகுகிறார்கள். தகுந்தவரை எப்படித் தேர்வது?

பதில்: வீரரின் சார்பில் கிளப்புடன் ஊதியமும் மாற்ற நிபந்தனைகளும் பேசி முடிப்பவரே முகவர் என்பதால், அவர் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் தேர்வில் தேறி உரிமம் பெற்றவரா என்பதை முதலில் அறிய வேண்டும், பணம் பெற்று இப்பணியைச் செய்பவர் சொந்தத் தாய்மாமனே ஆயினும் இதில் விலக்கில்லை.

2023இல் நடைமுறைக்கு வந்த ஃபிஃபா விதிகளின்படி, 18 வயது நிரம்பாத வீரரை, அந்நாட்டில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் செய்யத்தக்க வயதை அவர் எட்டுவதற்கு 6 மாதங்களுக்கு முன்னர் எவரும் அணுகலாகாது. அதன்பின் அணுகுவதற்கும் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். ஆகவே பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு விலையுயர்ந்த பூட்ஸ் வாங்கித் தந்து உறவாடும் முகவர், திறமை எதுவாயினும், அச்செயலாலேயே தள்ளத்தக்கவராகிறார்.

வீரருக்காகப் பேசும் அதிகாரத்தை முகவருக்கு அளிக்கும் ஆவணமான பிரதிநிதித்துவ ஒப்பந்தம் 2 ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. தானாகப் புதுப்பிக்கப்படும் என்னும் பிரிவு அதில் இருந்தாலும் செல்லாது. கையெழுத்துக்கு முன் தனி வழக்கறிஞரைக் கலந்துகொள்வது பற்றி வீரருக்கு எழுத்தில் அறிவிப்பது முகவரின் கடமையாக இருக்க, இன்றே கையெழுத்திடுமாறு நெருக்குபவரை ஐயுறுவதே முறை. வீரருக்காகப் பேசும் அதே பேரத்தில் கிளப்பிடமிருந்தும் முகவர் பணம் பெறுகிறாரா என்று கேட்கப் பெற்றோர் கூச்சப்பட வேண்டியதில்லை.